தாவாங்கட்டையை இறக்கு

"இறக்கு. இன்னும் இறக்கு. நெஞ்சுல முட்டணும். பாதியில நிறுத்தினா என்ன அர்த்தம்?"

பையன் இன்னும் இறக்குகிறான். மோவாய் சட்டைப் பொத்தானில் இடிக்கிறது. போகிராம் மிலி குனிந்து, மோவாய்க்கும் பொத்தானுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைக்கப் பார்க்கிறார். நுழையவில்லை. "ம்" என்று பையனைத் தோளில் பிடித்துப் படகுப் பக்கம் தள்ளுகிறார். படகின் முனையில் உட்கார்ந்திருக்கும் பெண் "ஏறு" என்கிறாள். பையன் ஏறுகிறான். அடுத்தது.

லாலிமுக் துறையில் மழைக்காலம் முழுக்கக் காலை நேரம் இப்படித்தான். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரிய ஆறு சுபன்சிரி பெருகினால் இந்தக் கிளையாறும் பெருகும். மற்ற நாளில் முழங்கால் நனைய நடந்து போகிற பிள்ளைகளுக்கு அப்போது போகிராமின் படகை விட்டால் வழியில்லை. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்த அதிகாரம். செருப்பில்லாமல் ஏறலாம், புத்தகமில்லாமல் ஏறலாம், மோவாய் நெஞ்சில் முட்டாமல் ஏற முடியாது.

பிள்ளைகளுக்குப் பழகிப்போயிற்று. சில பெண்கள் கரையிறங்கும்போதே தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், புகுந்த வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி. வாலுப் பையன்கள் இதைப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவன் போகிராம் ஆவான். தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, "தாவாங்கட்டைய இறக்குடா, ஜப்பான்காரன் வந்திருக்கானா பாப்போம்" என்பான். மற்றவர்கள் கழுத்தை விறைத்துக்கொண்டு விழுந்து சாவார்கள்.

ஜப்பான்காரன் என்றால் ஜப்பான் காய்ச்சல். கொசு கடித்து வருகிற மூளைக்காய்ச்சல். பெரியவர்களை அவ்வளவாகத் தொடாது, பிள்ளைகளைத்தான் தேடும். முதலில் காய்ச்சல், வாந்தி. பிறகு கழுத்து விறைக்கும். பிறகு இழுப்பு. "அவன் ஊர்ல இடமில்லாம எதுக்குடா நம்ம வயலுக்கு வந்தான்?" என்று சாராயக் கடை வாசலில் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. போகிராம் சிரிக்க மாட்டார். அந்தப் பக்கம் நிற்கவும் மாட்டார்.

நிற்பது என்பதே அவரிடம் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய ஆள், கறுத்து முறுக்கிய உடம்பு, முட்டி வரை தூக்கிக் கட்டிய கைலி. தேயிலைத் தண்ணீரை நடந்துகொண்டே குடிப்பார். ஆளில்லாத நேரத்தில் படகில் தேங்கிய தண்ணீரைத் தகர டப்பாவால் இறைப்பார். இறைத்து முடித்ததும் கைலி முனையால் பலகையைத் துடைப்பார். துடைத்த பலகையில் மழை விழும். மறுபடி இறைப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முதுகில் பட்டென்று ஓர் அடி விழும். திடுக்கிட்டுத் திரும்பினால் அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நசுங்கிய கொசு, ஒரு பொட்டு ரத்தம். "யாரோட ரத்தமோ" என்று முணுமுணுத்து ஆற்றில் கழுவுவார். ஊர்ப் பூசாரியின் வழுக்கைத் தலையில் ஒருநாள் அப்படி அடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் கையைக் காட்டினார்: "பாருங்க, குடிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கு."

படகில் தண்ணீர் நின்றால்தான் அந்தக் கொசு வரும் என்று முதலில் நினைத்திருந்தார். சுகாதார வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் படகில் போகும்போது சொன்னாள்: "அண்ணே, இது படகுல பொறக்கற கொசு இல்ல. நெல்லு வயல்ல நிக்கற தண்ணியில பொறக்கறது."

போகிராம் கழியை ஊன்றியபடி கரையைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை நாற்றங்கால், நடவு வயல், தண்ணீர். "படகக் கவுத்துருவேன். வயல எப்படிக் கவுக்கறது?" என்று கேட்டார்.  இருந்தாலும் படகை இறைப்பதை அவர் விடவில்லை.

பன்றி விஷயத்திலும் அப்படித்தான். மூங்கில் கால்மேல் வீடு, வீட்டுக்கு அடியில் பன்றி. தறியும் அங்கேதான். மேலே தின்று மிஞ்சியதை மூங்கில் தரையின் இடுக்கு வழியாகப் போட்டால் கீழே அது தின்றுகொள்ளும். பன்றி உடம்பில்தான் அந்தக் காய்ச்சல் பெருகுகிறது, அதைக் கடித்த கொசு பிள்ளையைக் கடிக்கிறது என்று கால்நடை ஆள் சொல்லிவிட்டுப் போனான். மறுநாளே போகிராம் தன் இரண்டு பன்றிகளையும் வயல் கடைசிக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டி கட்டினார். ஊரில் மாட்டுக்குக் கொசுவலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்கும் கட்டுங்கள் என்று இவர் வீடு வீடாகச் சொன்னபோது கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். கழுநீர்ப் பானையோடு சேற்றில் தினமும் நடக்கிறவள் அவர் மனைவி தருலதா. "பன்னிக்குச் சோறு போட அடுத்த ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

படகு முனையில் உட்கார்ந்து "ஏறு" சொல்கிற பெண் இவர்கள் மகள். பெயர் ஜுன்தி. பன்னிரண்டு வயது. வலது காலை இழுத்து நடப்பாள். வலது கை மடியில் மடங்கிக் கிடக்கும். நாலு மழைக்கு முன்னால் அவளுக்கு வந்தது அந்தக் காய்ச்சல். அதற்கு முன் அவள் வாய் ஓயாமல் பேசுவாள், பாடுவாள், கொக்கைப் பார்த்தால் கொக்கோடு சண்டை போடுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து எழுந்தபோது எல்லாப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. பிறந்ததிலிருந்து அப்பன் வாயில் கேட்ட சொல். பசித்தாலும் "ஏறு"தான், குளிர்ந்தாலும் "ஏறு"தான். சந்தோஷம் வந்தால் நாலைந்து தடவை சொல்வாள். தருலதாவுக்கு எந்த "ஏறு" எதற்கு என்று தெரியும். மற்றவர்களுக்கு ஒரு அர்த்தம் போதும். அவள் சொன்னால் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

ஜுன்தியை யாரும் "ஏறு" என்று சொல்லி ஏற்றியதில்லை. காலையில் மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன் போகிராம் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வழுக்குகிற கரையில் இறங்கி, மூட்டையை வைக்கிற மாதிரி முனையில் வைத்துவிடுவார். அவள் வளர்ந்துவிட்டாள், அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இருந்தாலும் தூக்குவார்.

இன்னொன்றும் உண்டு. கடைசிப் பிள்ளையும் ஏறி முடித்ததும் ஜுன்தி அப்பன் பக்கம் திரும்பித் தன் மோவாயைத் தானே இறக்குவாள். நெஞ்சில் முட்ட வைத்துக்கொண்டு காத்திருப்பாள். போகிராம் அந்த நேரத்தில் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துவிடுவார். தினமும். ஒருதரம் வந்தவர்களுக்கு அது மறுபடி வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்க்கத் தேவையும் இல்லை. தருலதா விட மாட்டாள். "ஊர்ப் புள்ளைங்க கழுத்தெல்லாம் உனக்குக் கண்ணுக்குத் தெரியுது. இவ தலையக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கா, அது தெரியலையா?" அவர் கழியை ஊன்றுவார். படகு நகர்ந்துவிடும்.

அந்தக் கழுத்தைப் பற்றிச் சொன்னால்தான் இந்த மனிதரின் பதைப்பு புரியும்.

நடவுக் காலத்தில் லாலிமுக்கில் கழுத்து வலிக்காத ஆளே கிடையாது. நாற்றுக்கட்டைக் கூடையில் போட்டு முதுகில் ஏற்றி, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். ஈர நாற்று, பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். பெரியவர்களுக்குப் பெரிய கூடை, பிள்ளைகளுக்குச் சின்னக் கூடை. சாயங்காலம் வீட்டுக்கு வீடு கடுகெண்ணெயில் பூண்டு காயும், ஒருவர் கழுத்தை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். காய்ச்சலும் அப்போதுதான் வருகிறது. கழுத்து விறைத்தால் மற்ற ஊரில் பயப்படுவார்கள், இங்கே எண்ணெய் காய்ச்சுவார்கள்.

ஜுன்திக்கும் எண்ணெய்தான் காய்ச்சினார்கள். அன்றைக்கு அவள் நாற்றுச் சுமந்தது தருலதாவின் தம்பி நந்தேஸ்வர் குட்டுமின் வயலுக்கு. ஒருவர் வயலில் மற்றவர் கைமாறி வேலை செய்வது வழக்கம். "கழுத்தைத் திருப்ப முடியலப்பா" என்று அவள் சொன்னபோது, "கூடை சுமந்தா கழுத்து வலிக்காம காதா வலிக்கும்?" என்று நந்தேஸ்வர் சிரித்தான். போகிராம் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கல்யாணக் கூட்டம் ஒன்றை அக்கரைக்கு ஏற்றப் போய்விட்டார். திரும்பி வரும்போது பிள்ளைக்கு வாய் கோணி இழுத்துக்கொண்டிருந்தது.

இதைப் பற்றி மச்சான்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததெல்லாம் வேறு பேச்சாக வெளியே வரும். நந்தேஸ்வர் ஊரிலேயே பெரிய வாய். படகில் ஏறும்போதெல்லாம் சீண்டுவான்: "மச்சான், எனக்கும் தாவாங்கட்டைய பாக்கறியா? தொப்பை இடிக்குது, அதான் முட்டல." போகிராம், "உனக்குத் தலைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே அது வீங்கும்" என்பார். படகு சிரிக்கும். இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஆற்றைப் பார்ப்பார்கள்.

இந்த ஆனியில்தான் வினை வந்தது. நந்தேஸ்வரின் மூத்த மகள் ரூபாலி, பதினோரு வயதுக்காரி, காலையில் துறைக்கு வந்தாள். மோவாயை இறக்கச் சொன்னால் பாதி வரை வந்து நின்றுவிட்டது. முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் இறக்கு."

"வலிக்குது மாமா."

போகிராம் நெற்றியைத் தொட்டார். அவர் கைக்குச் சுட்டது. அவ்வளவுதான். ஜுன்தியையும் ஏறியிருந்த பிள்ளைகளையும் கரையில் இறக்கிவிட்டு, ரூபாலியை மட்டும் படகில் போட்டுக்கொண்டு கழியை ஊன்றிவிட்டார். வயலில் இருந்த நந்தேஸ்வர் சேற்றுக்காலோடு ஓடி வந்தான். "யோவ் மச்சான்! கூடை சுமந்த வலிய்யா அது! நேத்து முழுக்க நாத்து சுமந்தா! இறக்கி விடு!" என்று கரையோரமாகவே கத்திக்கொண்டு வந்தான். படகு போய்க்கொண்டே இருந்தது. வழியில் மிதந்து வந்த மரம் இடித்து ஒரு பலகை விரிந்தது. தண்ணீர் உள்ளே வர வர ரூபாலி தகர டப்பாவால் இறைத்துக்கொண்டே போனாள்.

அக்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தாள். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. காய்ச்சல் இல்லை. காலையில் துறைக்கு ஓடி வந்த சூடுதான். கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, சதையை அமுக்கி, "நரம்பு இழுத்திருக்கு. ரெண்டு நாள் பாரம் தூக்க வேணாம்" என்றாள். போகிராமின் முகத்தைப் பார்த்து, "கூட்டிட்டு வந்தது தப்பில்ல" என்றும் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தால் துறையில் ஊரே நின்றது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், சந்தைக்குப் போகாத பெண்கள், பிடுங்கிய நாற்று வாடிப்போன நந்தேஸ்வர்.

"என்ன மச்சான், ஜப்பான்காரன் என்ன சொன்னான்?" என்றான் நந்தேஸ்வர். "எனக்கும் கழுத்து வலிக்குது, எங்கக்காவுக்கும் வலிக்குது, எருமைக்குக்கூட வலிக்குது. எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போ. ஆஸ்பத்திரியிலயே நடவு நடுவோம்."

சிரிப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. நந்தேஸ்வருக்கு அது போதவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "உன் பொண்ணு அப்படி ஆயிட்டா, சரி. அதுக்காக எங்க புள்ளைங்க கழுத்தையெல்லாம் நோண்டிக்கிட்டு இருக்காத. சகுனமே சரியில்ல."

போகிராம் விரிந்த பலகையைப் பஞ்சு வைத்து அடைக்கக் குனிந்தார்.

மறுநாள் காலை பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒரு சின்னப் பெண் பழக்கத்தில் மோவாயை இறக்கியபடியே நின்றாள், அவர் வரவில்லை என்றதும் ஏமாந்த முகத்தோடு ஏறினாள். முனையில் ஜுன்தி வாயே திறக்கவில்லை. ஏறுகிறவர்களையும் அப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாரும் ஏறிய பிறகு வழக்கம்போல் தன் மோவாயை இறக்கினாள். கயிறு அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் ஏறி முடிக்கிற வரை கட்டிய கையை அவிழ்க்க மாட்டார். கழி போடும்போது கண் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தாகத் தாவும். யாராவது குனிந்து செருப்பை எடுத்தால் பெருமூச்சு விடுவார். யாராவது நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தால், வேண்டுமென்றே தண்ணீரில் எதையாவது காட்டி, "கீழ பாரு, மீனு" என்பார். பிள்ளை குனிந்து பார்க்கும். மீன் இருக்காது. இப்படித் திருட்டுத்தனமாகப் பார்த்தும் அவருக்கு நிறையவில்லை. சோறு இறங்கவில்லை. "கையக் கட்டிட்டா கொசு கடிக்காதா?" என்று தருலதா கேட்டாள். தம்பியோடு அவளும் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆடி பிறந்து, மழை விடாமல் அடித்த ஒரு பிற்பகல். படகு இந்தக் கரையில் கிடந்தது, போகிராம் இறைத்துக்கொண்டிருந்தார். சரிவில் ஆள் வழுக்கி விழுகிற சத்தம். நந்தேஸ்வர். தோளில் துணி சுற்றிய பிள்ளை, அவன் கடைக்குட்டி மைனு, மூன்று வயது. இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுகிறவர்கள் வந்த அன்றெல்லாம் ஒன்று வெள்ளம், இல்லாவிட்டால் அவள் தாத்தா வீட்டில். ஊரில் எல்லார் மடியிலும் ஏறி உட்கார்ந்து வாயாடுகிற குட்டி. இப்போது தலை அப்பன் தோளில் சாயாமல் கட்டை மாதிரி நின்றது.

நந்தேஸ்வர் படகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். சேறு வழிய, மூச்சு வாங்க, வாய் திறந்து திறந்து மூடியது. அந்தப் பெரிய வாயிலிருந்து கடைசியில் வந்தது இதுதான்:

"மச்சான்... இவ கூடை சுமக்கல."

போகிராம் டப்பாவைப் போட்டார். பிள்ளையின் பின்தலைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். தலை குனியவில்லை. தலையோடு முதுகும் சேர்ந்து பலகையாக எழுந்து வந்தது. மைனு முனகினாள்.

"காய்ச்சல் எப்ப இருந்து?"

"முந்தாநாள்."

"வாந்தி?"

"காலையில இருந்து."

"இழுத்துச்சா?"

"இன்னும் இல்ல. இன்னும் இல்ல மச்சான்."

"ஏறு."

ஆறு அன்றைக்குப் பழுப்பாக நுரைத்து ஓடியது. ஒரு பக்கம் போகிராம், மறு பக்கம் நந்தேஸ்வர், இரண்டு கழி. பஞ்சு வைத்து அடைத்த பலகை மறுபடி விரிந்து தண்ணீர் கொப்பளித்தது. பின்னாலேயே ஓடி வந்து ஏறிய மைனுவின் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் இறைத்தாள். நேரே போக முடியாமல் நீரோட்டத்தில் வெகுதூரம் கீழே போய்த்தான் கரை பிடித்தார்கள். சாலையில் சிமெண்ட் ஏற்றி வந்த வண்டியின் குறுக்கே போகிராம் கழியோடு நின்றார். ஓட்டுநர் திட்ட வாயெடுத்தவன், பிள்ளையைப் பார்த்துக் கதவைத் திறந்தான்.

இந்த முறை டாக்டரம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் இழுப்பு வந்தது. அங்கே இழுப்பை நிறுத்த மருந்து இருந்தது, மூக்கில் வைக்கக் காற்று இருந்தது, பிடித்துக்கொள்ளக் கைகள் இருந்தன. இந்தக் காய்ச்சலை விரட்ட மருந்து கிடையாது, அது போகிற வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும் என்று பிறகு வந்து சொன்னாள். எப்படித் திரும்பி வருவாள் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள்.

வெளியே பெஞ்சில் இரண்டு மச்சான்களும் உட்கார்ந்திருந்தார்கள். போகிராம் எழுந்தார், சுவர் வரை போனார், வந்து உட்கார்ந்தார், எழுந்தார். நந்தேஸ்வர் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"அன்னிக்கு ஜுன்தி சுமந்தது என் வயல் நாத்துதானே. கூடை வலின்னு சொன்னவனும் நான்தான்."

போகிராம் மறுபடி சுவர் வரை போய்விட்டு வந்தார்.

"எண்ணெய் தேச்சது நான்" என்றார்.

 கொஞ்ச நேரம் கழித்து நந்தேஸ்வரின் பிடரியில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. போகிராம் கையை விரித்துப் பார்த்தார். கொசு இருந்தது.

ஆடி முடிகிற சமயம் மைனு வீட்டுக்கு வந்தாள். நடக்கிறாள். வாய் முன்னைவிட அதிகம். இடது கையில் மட்டும் பிடி கொஞ்சம் தளர்ச்சி, குவளையைக் கொடுத்தால் நழுவவிட்டு, நழுவியது குவளையின் குற்றம் என்று அதைத் திட்டுகிறாள். நந்தேஸ்வரின் வீட்டுக்கு அடியில் இப்போது பன்றி இல்லை. அவன் பட்டி போகிராமின் பட்டிக்குப் பக்கத்தில் வயல் கடைசியில் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பழைய கொசுவலையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் எட்டவில்லை. அக்காவும் தம்பி பெண்டாட்டியும் கழுநீர்ப் பானையோடு சேர்ந்து நடக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி எதிர்ப்படுகிறவர்களிடம், "அடுத்த ஊருக்குத்தான்" என்கிறாள்.

மைனு வந்த மறுநாள் காலை போகிராம் கரையில் ஏறிப் போனார். மேலே ஜுன்தி தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் தூக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சேற்றில் அவர் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். அவள் இழுக்கிற கால் ஒவ்வொரு படியிலும் இடித்தது. கீழே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் கொண்டுபோய் அவளை நிறுத்தினார்.

"இறக்கு" என்று முதல் பிள்ளையிடம் தொடங்கினார். "இன்னும் இறக்கு." அவர் குரல் பழைய கரகரப்புக்கு வந்திருந்தது. முனையில் "ஏறு" சொல்ல ஆளில்லாததால் பிள்ளைகள் தாங்களாகவே ஏறினார்கள். நடுவில் சந்தைக்குப் போகிற நந்தேஸ்வர் கூடையோடு வந்து நின்றான். யாரும் கேட்காமலே தலையைக் குனிந்தான். "ஆ... அம்மா" என்று முனகினான். "கூடை வலிதான் மச்சான், சத்தியமா." போகிராம் அவன் மோவாயைத் தொடவில்லை. தொப்பையில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றிவிட்டார்.

கடைசியாக ஜுன்தி. மோவாயை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள், நாலு மழையாக வைத்துக்கொண்டிருந்த மாதிரியே. கயிறு அவர் காலடியிலேயே கிடந்தது. அவர் குனிந்து அவள் மோவாய்க்கு அடியில் சுண்டுவிரலைக் கொண்டுபோனார். நுழையவில்லை. விரலை உடனே எடுக்கவும் இல்லை.

"ம்" என்றார். "ஏறு."

பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக் கரையில் அழுத்திக்கொண்டார். கன்னத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அவள் இழுக்கிற காலை முதலில் தூக்கி வைத்து, நல்ல காலை எடுத்து வைத்து, பலகையைப் பிடித்து உட்கார்ந்து முடிக்கிற வரை அந்தப் படகு அசையவில்லை.